ஆற்றோரமாக வரைந்த பாதையில் இவ்வளவு ஏற்றம் எங்கிருந்து வந்தது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலைப்பாங்கான பகுதியில் ஓர் ஆற்றை ஒட்டி 70 கிலோமீட்டர் வட்டம் வரைந்திருக்கிறீர்கள். இடது கரையில் கீழ்நோக்கிப் போய், 35ஆவது கிலோமீட்டரில் பாலம் தாண்டி, வலது கரையில் திரும்பி வருகிறது. நடுவில் 22ஆவது கிலோமீட்டரில் இன்னொரு பாலம். பெரும்பகுதி மண் ரோடும் சரளை ரோடும்தான். அந்த 35 கிலோமீட்டரில் ஆறு 60 மீட்டர்தான் இறங்குகிறது. ஆனால் ஒரு ஆப் மொத்த ஏற்றம், அதாவது வழியில் ஏறுவதையெல்லாம் கூட்டியது, 1,250 மீட்டர் என்கிறது, இன்னொன்று 780 என்கிறது. எதை நம்புவது, தார் ரோட்டில் 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய உங்களால் புதிதாக வாங்கிய கிராவல் பைக்கில் (சரளை, மண் ரோட்டுக்கான சைக்கிளில்) இதை முடிக்க முடியுமா என்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது, இதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு: ஒரு பள்ளத்தாக்குப் பாதை எவ்வளவு கடினம் என்று கிளம்பும் முன்பே மேப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? பாதிக்கு மேல் முடியும். மீதிக்கு நேரில் போய்த்தான் ஆகவேண்டும். நான் நில அளவை படித்தவன், பல வருடங்களாகச் சைக்கிள் குழுக்களுக்குப் பாதை வரைந்து கொடுக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆறு மெதுவாக இறங்குகிறது, அதனால் ஆற்றோர ரோடும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்போம். ஆனால் மலைப்பகுதியில் ரோடு ஆற்றை ஒட்டித் தொடர்ந்து ஓட ஆறு விடாது. ஆறு வளையும் இடத்தில், வெளிவளைவுப் பக்கம் தண்ணீர் கரையை அரித்துச் செங்குத்தாக்கிவிடும். உள்வளைவுப் பக்கம் மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து தட்டையாக இருக்கும். நீங்கள் ஒரே கரையில் போகும்போது ஒரு வளைவில் தட்டையான பக்கம் கிடைக்கும், அடுத்த வளைவில் செங்குத்துப் பக்கம் கிடைக்கும். செங்குத்தாக இருக்கும் இடத்தில் ரோடு மேலேறித்தான் தாண்ட வேண்டும். போதாததற்கு, வெள்ளம் ஏறும் தாழ்வான நிலத்தை ஒதுக்கித்தான் பழைய ரோடுகளைப் போட்டிருப்பார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் பக்கவாட்டு ஓடைகள். கையைக் கவிழ்த்து மேசைமேல் விரல்களை விரித்து வைத்துப் பாருங்கள். புறங்கை மலைமுகடு, விரல்கள் ஆற்றை நோக்கி இறங்கும் கிளைமுகடுகள், விரலிடுக்குகள் ஓடைகள். விரல்களுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் அதுதான் நீங்கள் வரைந்த ரோடு. ஒவ்வொரு விரலிலும் ஏறி, ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கும். ஆற்றின் 60 மீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் போட்டிருந்த மேப் படத்தில் நான் செய்தது இதுதான்: சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகளைப் பார்த்து ஓடைகளை எண்ணினேன். ரோடு ஓடையைத் தாண்டும் இடத்தில் கோடுகள் தலைகீழ் 'ப' போல மடங்கி, மடிப்பு மலைப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். கிளைமுகட்டில் அதே மடிப்பு ஆற்றுப் பக்கம் நீட்டும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மேப்பே வேறு மாதிரித் தெரியும். இரண்டு கரையும் சேர்த்து 24 ஓடைகள் வந்தன. அதில் 16 சின்னவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மீட்டர் ஏற்றம். மற்ற 8 ஆழமானவை, 50 மீட்டர் பக்கம். இரண்டும் 400, 400 என்று 800 ஆகிறது. கோடுகளுக்கு இடையில் ஒளிந்துகொள்ளும் சின்னச் சின்ன மேடுகளுக்கு ஒரு 150 சேர்த்தால் 950. கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருப்பதால் என் கணக்கு நூறு மீட்டர் முன்பின் இருக்கலாம். ஆனால் 780 குறைவு, 1,250 அதிகம் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

சரி, ஆப்கள் ஏன் இப்படி முரண்படுகின்றன? பெரும்பாலான ஆப்கள் உங்கள் கோட்டைத் தங்களிடம் இருக்கும் உயரத் தரவின்மேல் போட்டுப் பார்த்துக் கூட்டுகின்றன. உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு தரவு 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் சுற்றி ரேடாரில் அளந்தது. அதில் நிலம் சுமார் 30 மீட்டர் கட்டங்களாக இருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம். திறந்தவெளியில் இது தாராளமாகப் போதும். குறுகிய பள்ளத்தாக்கில் ரேடார் எட்டாத நிழல்கள் விழும், அடர்ந்த காடு இருந்தால் தரைக்குப் பதில் மரத்தலையின் உயரம் பதிவாகியிருக்கும். இன்னொரு சிக்கல், சரிவில் வெட்டிய ரோடு. 30 பாகைச் சரிவில் உங்கள் கோடு 10 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப் போனால் உயரம் கிட்டத்தட்ட 6 மீட்டர் மாறிவிடும். நேரில் மட்டமாக இருக்கும் ரோடு, கணக்கில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அப்படியே கூட்டும் ஆப் 1,250 சொல்லும். ஆட்டத்தைத் தட்டையாக்கிவிட்டுக் கூட்டும் ஆப், கூடவே நிஜமான சின்ன ஏற்றங்களையும் விழுங்கிவிட்டு 780 சொல்லும். உங்கள் இரண்டு எண்களும் இப்படித்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். ஆப்களின் உள்கணக்கு வெளியே தெரியாது. பாலத்தையும் இதேபோலச் சோதியுங்கள்: உயரமான பாலத்தின்மேல் கோடு போகும்போது ஏற்ற வரைபடம் திடீரென்று ஆற்றுக்குள் விழுந்து எழுந்தால், அந்த ஏற்றம் உங்கள் காலுக்கு வராது.

ஓட்டி முடித்த பிறகு கையில் இருக்கும் கருவி காட்டுவதும் சத்தியவாக்கு இல்லை. காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவிகள்தான் ஏற்றத்தைக் கூட்டுவதில் நம்பகமானவை. ஆனாலும் வானிலை மாறி அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே, நின்ற இடத்தில் 8 மீட்டர் ஏறியதாகக் காட்டும்.

எண்ணை விட்டுவிடலாம். ஒரு பள்ளத்தாக்கில் பாதை போட மூன்று உயரங்கள் உண்டு: அடிவாரம், நடுச்சரிவு, முகடு. இதில் எதை எடுக்கிறீர்கள் என்பதுதான் அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கும். அடிவாரத்தில் உண்மையிலேயே மட்டமான பாதை வேண்டுமென்றால் பழைய ரயில் தடமோ கால்வாய்க் கரையோ இருக்கிறதா என்று தேடுங்கள். ரயிலால் செங்குத்தில் ஏற முடியாது, அதனால் மலையை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைப் பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை போகும் கிரேட் அலிகேனி பாசேஜ் இதற்கு நல்ல உதாரணம். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், பெரும்பகுதி ஆறுகளை ஒட்டியே வரும் பழைய ரயில் தடம், நொறுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பு. ஆறுகள் கிழக்கே ஒரு கடலுக்கும் மேற்கே இன்னொன்றுக்கும் பிரியும் மேட்டை 729 மீட்டர் உயரத்தில் தாண்டுகிறது. அவ்வளவு ஏறியும் ஒரு இடத்தில்கூட எழுந்து நின்று மிதிக்கத் தேவையில்லாத சரிவு.

முகட்டு ரோடு அதற்கு நேர்மாறு. ஆரம்பத்தில் ஒரே ஏற்றத்தில் 300, 400 மீட்டர் வாங்கிவிடும். அப்புறம் ஓடைகளெல்லாம் கீழேயே பிறந்து கீழேயே போய்விடுவதால் தாண்டுவதற்கு எதுவும் இருக்காது. லேசான அலைபோல் போகும், தரை சீக்கிரம் காயும், காட்சியும் கிடைக்கும். குறை என்றால் தண்ணீர் கிடைக்காது, காற்றும் இடியும் நேராக உங்கள்மேல்தான்.

நடுச்சரிவு ரோடுதான் ஆளைக் கொல்வது. உங்கள் வலது கரையின் பெரும்பகுதி அதுதான். விரல்களின் நடுப்பகுதியில் குறுக்கே போவதால் ஒவ்வொரு ஓடைக்கும் முழுசாக இறங்கி முழுசாக ஏற வேண்டும், இறங்கிய வேகத்தை எதிர் ஏற்றத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். மொத்த ஏற்றம் ஒன்றாகவே இருந்தாலும், ஒரே ஏற்றமாக 400 மீட்டர் ஏறுவதைவிட 50 மீட்டரை எட்டு தடவை ஏறுவது எனக்குக் கடினம். என்னோடு ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்வதில்லை, நீண்ட ஏற்றம்தான் மனதை உடைக்கும் என்பார்கள். இது ஆளுக்கு ஆள் மாறும் விஷயம்.

கடினம் என்பதைக் கியரில் வைத்துப் பார்ப்போம். உங்கள் எட்டு ஆழமான ஓடைகளில் 50 மீட்டர் ஏற்றம் ஏறத்தாழ 400 மீட்டர் தூரத்தில் வருகிறது, அதாவது 12 சதவீதத்துக்குச் சற்று மேல். நீங்களும் சைக்கிளும் மூட்டையும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 40 பல், பின் பல்சக்கரங்களில் பெரியதில் 42 பல், 40 மில்லிமீட்டர் டயர். பெடல் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 12 சதவீதம் ஏற, சரளையின் இழுவையையும் சேர்த்து, 230 வாட் பக்கம் தேவை. பழகாத ஒருவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காத அளவு. அதையே முன்னால் 30, பின்னால் 46 பல் இருக்கும் கியரில் ஏறினால் மணிக்கு 5.2 கிலோமீட்டர், 160 வாட்டுக்குள் முடிந்துவிடும். வேகம் குறையும், ஆனால் எட்டாவது ஓடையிலும் மிதித்துக்கொண்டிருப்பீர்கள். முன்பக்கப் பல்சக்கரம் ஒற்றையா இரட்டையா என்று நீங்கள் எழுதவில்லை. ஒற்றை என்றால், பாதையை மாற்றும் முன் பின்பக்கக் கேசட்டை (பல்சக்கர அடுக்கை) மாற்ற முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கலாம் என்பது தார் ரோட்டுப் பழக்கம். உதிரிக் கல்லில் எழுந்து நின்றால் பின் டயரின்மேல் எடை குறைந்து சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இருக்கையின் முன்நுனியில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்தி ஏறுவதுதான் வழி.

இறக்கத்தில்தான் எனக்குக் கவலை. ஓடையைத் தாண்டும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இறக்கத்தின் கடைசி முப்பது மீட்டரில், வண்டிகள் எல்லாம் பிரேக் போடும் இடத்தில், தரை வரிவரியாக மேடும் பள்ளமுமாக ஆகியிருக்கும். அதைத் தாண்டினால் ரோடு சட்டென்று ஓடைப் பக்கம் திரும்பும். திருப்பத்தின் வெளிப்பக்கத்தில் மழை கொண்டுவந்து போட்ட உதிரிச் சரளை குவிந்து கிடக்கும். அப்புறம் தரைப்பாலம், மரநிழல், ஈரக் கான்கிரீட், அதன்மேல் பாசி. இந்த நாலும் ஐம்பது மீட்டருக்குள் வரும். அதனால்தான் வேகத்தை எதிர் ஏற்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்றேன். வரிமேடு வருவதற்கு முன்பே, நேராகப் போகும்போதே, வேண்டிய பிரேக் முழுவதையும் போட்டு முடித்துவிடுங்கள். பாசியின்மேல் பிரேக்கையும் ஹேண்டிலையும் தொடாமல் நேராக உருட்டிப் போங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இறங்கி, நடந்து பார்த்த பிறகே தாண்டுங்கள். வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. மேலே அணை இருக்கும் ஆறாக இருந்தால் மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறும், ஆகவே அடிவாரப் பாதைக்கு முன்னால் அணையில் திறப்பு உண்டா என்று விசாரிப்பது நல்லது.

பரப்பைப் பற்றி மேப் சொல்வதைப் பாதி நம்பலாம். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மண் தடங்களுக்குக் கிரேடு 1 முதல் 5 வரை குறிப்பார்கள். ஒன்று என்றால் கெட்டியானது, தார் போட்டதுகூட இருக்கலாம். ஐந்து என்றால் வெறும் மண்ணும் புல்லும். யாரோ ஒரு தன்னார்வலர் ஏதோ ஒரு காலத்தில் போட்ட குறி அது; கோடையில் 2 ஆக இருப்பது மழைக்குப் பிறகு 4 ஆகிவிடும். மேலே இருந்து எடுத்த படத்தில் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவில் பச்சைக் கோடு தெரிந்தால், வண்டிப் போக்குவரத்து குறைவு என்று அர்த்தம், கிரேடு 3க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த மேப்பும் சொல்லாதது மண்ணின் குணம். களிமண் நனைந்தால் டயரில் ஒட்டி, ஃபோர்க்குக்கும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவைக்கும்) டயருக்கும் நடுவில் அடைத்து, சக்கரமே சுற்றாது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா ஊரைச் சுற்றி நடக்கும் அன்பவுண்ட் என்ற சரளை ரோட்டுச் சைக்கிள் போட்டியில் 2023இல் ஆரம்பக் கிலோமீட்டர்களிலேயே இதுதான் நடந்தது, உலகத் தரத்து வீரர்கள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அதே பகுதியில் தரை காய்ந்திருந்தால் கூர்மையான சிக்கிமுக்கிக் கற்கள் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். ஒரே நிலம், இரண்டு விதத் தொல்லை. உங்கள் பகுதியில் களிமண்ணா சரளையா என்று அங்கே ஓட்டுபவர் யாரிடமாவது கேட்டால்தான் தெரியும். ஒன்று மட்டும் பொதுவாகச் சொல்லலாம். பூமியின் வடபாதியில், நிலநடுக்கோட்டுக்கு எட்டத்தில் இருக்கும் இடங்களில், தெற்கு நோக்கிய சரிவு சீக்கிரம் காயும், வடக்கு நோக்கியது நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மழை விட்ட மறுநாள் எந்தக் கரை என்று யோசிக்கும்போது இது உதவும்.

வட்டத்தை நீங்கள் போட்ட திசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, மதியத்துக்கு மேல் காற்று பள்ளத்தாக்கில் கீழிருந்து மேல்நோக்கி வீசும். இரவிலும் அதிகாலையிலும் எதிர்த்திசை. காலையில் ஆற்றோடு கீழே போய், மதியத்துக்கு மேல் ஆற்றுக்கு எதிராக மேலே வந்தால் இரண்டு தடவையும் காற்று முதுகில். ஆற்றின் சரிவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது அதைவிடக் காற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். பெரிய மழைக்காற்று அடிக்கும் நாளில் இந்தக் கணக்கு செல்லாது.

இனி, முடியுமா என்ற கேள்வி. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு கணக்கு சொன்னார்: மட்டத் தூரத்துக்கு ஒரு நேரம், ஏற்றத்துக்கு 600 மீட்டருக்கு ஒரு மணி நேரம் கூடுதல். சைக்கிளுக்கு அதையே நான் சற்று மாற்றி வைத்திருக்கிறேன்: சரளையில் மணிக்கு 18 கிலோமீட்டர், 100 மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம் கூடுதல். உங்கள் 70 கிலோமீட்டருக்கும் 950 மீட்டருக்கும் ஐந்தரை மணி நேரம் வருகிறது, நிற்பது தனி. இது ஆய்வு செய்து கண்டது இல்லை, என் குழுக்களுக்கு ஒத்துவந்த கைக்கணக்கு. ஈர மண் என்றால் ஒத்துவராது. தார் ரோட்டில் 100 கிலோமீட்டர் ஓட்டும் காலுக்கு இந்த வேலை முடியும். ஆனால் கை, தோள், முதுகு முதல் தடவை சரளையில் நாலாவது மணி நேரத்தில் தளர்ந்துவிடும், எட்டு ஆழ ஓடைகளில் பாதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆகவே முதல் தடவை 22ஆவது கிலோமீட்டர் பாலத்திலேயே திரும்பி, 44 கிலோமீட்டர் வட்டமாகப் போடுங்கள். அந்தப் பாலத்தை விட்டால் அடுத்தது 13 கிலோமீட்டர் தள்ளித்தான். நடுவில் செயின் அறுந்தாலோ கால் பிடித்துக்கொண்டாலோ, எதிர்க்கரை ரோடு கண்ணெதிரே தெரியும், போய்ச் சேர வழி இருக்காது. பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது, மேப்பைக் கிளம்பும் முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அந்த 44இல் நான் எண்ணிய சின்ன ஓடைகள் ஒன்பது, ஆழமானவை ஐந்து. ஓட்டும்போது நீங்களும் எண்ணுங்கள். என் எண்ணிக்கையும் 25, 50 மீட்டர் ஊகமும் உங்கள் கருவி காட்டுவதோடு ஒத்துவந்தால் மீதி 26 கிலோமீட்டரையும் அதே கணக்கில் நம்பலாம். ஒத்துவரவில்லை என்றால் எந்த ஓடையில் எவ்வளவு காட்டியது என்று இங்கேயே எழுதுங்கள், வலது கரையின் கீழ்ப்பகுதியை முகட்டு ரோட்டுக்கு மாற்றி வரைந்து பார்ப்போம்.